ஏழு மரணங்களின் வரிசை

பிழையம்மா. படச்சுருள் பரிசோதகர். பிறப்பு 1946, மறைவு 2021.

அவர் பணியாற்றிய பிலிம் கழுவும் கூடத்தில் நான் முப்பத்தொரு ஆண்டுகள் பதிவெழுத்தராக இருந்தேன். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி நான் நேரில் கண்டது. எஞ்சியது அவரும் அவருடைய கணவரும் சொல்லக் கேட்டது.

எங்கள் கூடம் மூன்று தளங்களைக் கொண்டது. தரைத்தளத்தில் மருந்துத் தொட்டிகள். முதல் தளத்தில் உலர்த்தும் அலமாரிகளும் என் மேசையும். இரண்டாம் தளத்தில் பரிசோதனை அறை. அந்த அறையின் நீளம் பதினான்கு அடி, அகலம் பத்தடி. வடக்குப் பார்த்த ஒரு சன்னல். அதன் கீழே பாலாடை நிறக் கண்ணாடி பதித்த ஒளிப்பலகை, கைப்பிடி சுழற்றிப் படம் பார்க்கும் சிறு பெட்டி, அடி கணக்கிடும் கருவி, வெட்டி ஒட்டும் பலகை. இவற்றின் நடுவே வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்து பிழையம்மா அமர்ந்திருப்பார். கழுவி உலர்ந்த ஒவ்வொரு சுருளும் வாடிக்கையாளரிடம் போகுமுன் அவர் விரல்களைக் கடந்தே போகவேண்டும். கண்ட பிழை ஒவ்வொன்றையும் அறிக்கைத் தாளில் மூன்று கட்டங்களில் எழுதுவார்: எத்தனையாவது அடி, என்ன பிழை, என்ன காரணம்.

"மேல போற ரீல் மாமியார் வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி. என்ன குத்தம் கண்டுபிடிப்பாங்களோன்னு நடுங்கிட்டே போகும்" என்று தொட்டிக்காரர்கள் சொல்வார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தொலைபேசியில்கூட, "பிழையம்மா பேசறேன், சொல்லுங்க" என்றுதான் தொடங்குவார்.

அவர் சிரித்து எவரும் பார்த்ததில்லை. கடுகடுப்பானவர் என்று எண்ணவேண்டா. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் விசாரிப்பவர் அவரே. சிரிப்பு மட்டும் வராது. ஒருமுறை ஒரு திருமணச் சுருளில் மாப்பிள்ளையின் நாற்காலி நடுச்சபையில் முறிந்து அவர் இரு கால்களும் வானத்தைப் பார்க்க விழுந்தார். கூடமே அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பிழையம்மா எழுதினார்: "212 அடி. கேமரா அசைவு. காரணம்: கேமராக்காரர் சிரித்தார்."

அவருடைய கணவர் நேர்மாறு. ஏழுமாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோருடைய கதையும் அவரிடம் உண்டு. சொல்லத் தொடங்குமுன்பே சிரித்துவிடுவார். மனைவிக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவரும்போது என் மேசையருகே நின்று, "இவ என்னைக்காவது சிரிச்சா எனக்கு ஒரு ஃபோன் போடுங்க சார். லிஃப்டை நடுமாடியில நிறுத்திட்டு ஓடி வர்றேன்" என்பார்.

இனி, எங்கள் கூடத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். திருமணம், பள்ளி விளையாட்டு விழா, குழந்தையின் முதல் நடை எனத் தாமே படமெடுத்து அனுப்புவோரின் சுருள்களில் பாதி வீணாக இருக்கும். லென்சின் மேல் விரல், தரை, யாரோ ஒருவரின் முழங்கை. அவற்றுக்கும் சேர்த்துப் பிரதி எடுத்தால் வாடிக்கையாளருக்கு நட்டம். ஆகவே பிரதி எடுக்குமுன் கெட்ட துண்டுகளைப் பிழையம்மா கேட்காமலேயே வெட்டி எடுத்துவிடுவார். அது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லை. அவராகச் செய்த உதவி. எத்தனையோ பேர் நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

1984 அக்டோபர் 8, திங்கட்கிழமை, ஒரு சுருள் வந்தது. நீளம் 648 அடி, ஓடும் நேரம் பதினெட்டு நிமிடம், ஒலி இல்லை. நெகட்டிவ் கிடையாத வகை. கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் படம். அது போனால் எல்லாம் போயிற்று. துண்டு துண்டாகக் கழுவித் தரப்பட்டு, உரியவரால் வெட்டி ஒட்டப்பட்டு, ஒரு பிரதி எடுப்பதற்காகத் திரும்பி வந்திருந்தது. அனுப்பியவர் நான்கு தெரு தள்ளிச் சலூன் வைத்திருந்த ஒரு முடிதிருத்துநர்.

பிழையம்மா கைப்பிடியைச் சுழற்றினார். சன்னல் திரையைச் சேலையாகச் சுற்றிய மீசைக்காரர் ஒருவர் பேரரசியாக வந்தார். தலையில் கேக் அச்சு. காதில் மின்விளக்குத் தாங்கிகள். அவர் நிலவைப் பார்த்து உருகினார். நிலவு நூலில் தொங்கும் ஒரு தட்டு. அது கோணலாகத் திரும்ப, மேலிருந்து ஒரு கை வந்து அதை நேராக்கியது. பேரரசி அழவேண்டிய இடத்தில் ஓரத்திலிருந்து இன்னொரு கை சொட்டு மருந்துக் குழாயை நீட்டிக் கண்ணுக்குக் குறிவைத்துக் காதில் விட்டது. அரண்மனைத் தூண் தும்மியது. இறுதியில் பேரரசி பல் துலக்கும் குவளையில் விஷம் அருந்தி இறந்தார், மீண்டும் இறந்தார், மீண்டும்.

"பாவம், யாரோ கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்க. ஒண்ணுகூட சரியா வரல" என்று பிழையம்மா என்னிடம் சொன்னார். "என்னால ஆனதைச் செய்யறேன்."

அன்று மதிய உணவுக்குக்கூட அவர் எழவில்லை. அறுபத்தொரு பிழைகளைப் பட்டியலிட்டு அறுபத்தொன்றையும் வெட்டி எடுத்தார். எஞ்சியது 186 அடி: ஒரு பெண் நிலவைப் பார்க்கிறாள், கடிதம் படிக்கிறாள், விஷம் அருந்தி ஒரே ஒரு முறை முறையாக இறக்கிறாள். ஐந்து நிமிடம். மாலை கையுறையைக் கழற்றும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

புதன்கிழமை காலை முடிதிருத்துநர் வந்தார். நாற்பது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காதின் மேல் ஒரு சீப்பு. உடன் வந்தவர் வரி அலுவலக எழுத்தர். கையில் குடை, நெற்றியில் கவலை. இவர்தான் பேரரசி என்பதை மீசையைக் கொண்டே கண்டுகொள்ளவேண்டியிருந்தது. வரும் ஞாயிறு சலூன் மாடியில் படம் காட்டப்போவதாகவும், அதற்குமுன் பிரதி சரியாக வருமா என்று ஒருமுறை பார்க்கவேண்டும் என்றும் கேட்டார்கள். பிழையம்மா தாமே திரையிட்டார்.

ஐந்து நிமிடம் முடிந்து விளக்கு எரிந்தது.

"மிச்சம் அடுத்த ரீல்ல இருக்குங்களா?" என்றார் முடிதிருத்துநர்.

"மிச்சம் ஏதுங்க? இதுதான் படம். கெட்டதையெல்லாம் எடுத்துட்டேன்."

எழுத்தர் குடையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அம்மா, கை எங்க?"

"எந்தக் கை?"

"நிலாவைப் பிடிச்சுத் திருப்புமே, அந்தக் கை."

"அதைத்தான் முதல்ல எடுத்தேன். நல்லாத் தெரிஞ்சுபோச்சுங்க, கட்டைவிரல்கூட."

"தெரியணும்னுதான் வெச்சோம்!" என்று முடிதிருத்துநர் கத்திவிட்டார். "அந்தக் கட்டைவிரலுக்கு நகப்பூச்சு போட்டதே நான்தான்!"

பிழையம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்புன்னு தெரிஞ்சே பண்ணீங்களா?"

"தெரிஞ்சுதான். ரெண்டு மாசம் ஒத்திகை பார்த்து."

அந்த அறையில் பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாகப் பிழையம்மா உட்கார நாற்காலியைத் தடவித் தேடியதைப் பார்த்தேன்.

இத்தகைய படங்கள் எந்தத் திரையரங்கிலும் ஓடுவதில்லை. சலூன் மாடி, பழைய கிடங்கு, யாராவது ஒருவரின் மொட்டை மாடி என்று, அறிந்தவர்கள் அறிந்தவர்களுக்குக் காட்டிக்கொள்வார்கள். அடுப்பு பழுது பார்க்கும் ஒருவர் கேமரா பிடித்தார், இரவல் கேமரா. ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் கொண்டு இரண்டு ஆண்டுகளில் எடுத்த படம். எழுத்தர் எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆபீஸ்ல இருபது வருஷமா நான் சரியா நடக்கறேன், சரியாப் பேசறேன், கையைக்கூட அளவாத்தான் ஆட்டறேன்" என்றார் பிழையம்மாவிடம். அவர் குரலில் சினம் இல்லை. "கொஞ்சம் அசந்தாலும், 'என்ன சார், நடை ஒரு மாதிரி இருக்கே'ன்னு கேப்பாங்க. அந்தப் பதினெட்டு நிமிஷம்தாம்மா நான் இஷ்டத்துக்கு நடந்தது. நீங்க அதுல என்னைத் திரும்ப ஆபீஸுக்கு அனுப்பிட்டீங்க."

செய்தி அறிந்து மேலாளர் வந்தார். பிழையம்மாவைத் தனியே அழைத்து, கழுவும்போது மருந்து கெட்டுச் சுருள் பாழானது என்று எழுதிக் கொடுத்துவிடலாம், அப்படிப் பாழாவது வழக்கம்தான் என்றார்.

"அன்னைக்கு மருந்து நல்லாத்தான் இருந்துச்சு சார். நானே பார்த்தேன்" என்றார் பிழையம்மா. "வெட்டினது நான். அப்படியே இருக்கட்டும். வெட்டின துண்டெல்லாம் கூடையிலதான் கிடக்கு. சனிக்கிழமை அதை ஏத்திட்டுப் போக வண்டி வர்றதுக்குள்ள ஒட்டிடறேன்."

முடிதிருத்துநரிடம் வந்து சொன்னார்: "ஞாயித்துக்கிழமை உங்க படம் உங்க கையில இருக்கும்."

"கை இருக்குமா?" என்றார் அவர் கசப்பாக.

"நகப்பூச்சோட."

வெட்டுக்கூடை என்பது உள்ளே துணி விரித்த ஒரு தகரப் பெட்டி. அதில் அந்த வாரத்தின் பதினொரு வாடிக்கையாளர்களின் துண்டுகள் பாம்புக் குட்டிகளைப் போல் பின்னிக் கிடந்தன. வியாழன் காலை முடிதிருத்துநரும், விடுப்பு எடுத்துக்கொண்டு எழுத்தரும் வந்து உதவினார்கள். ஒவ்வொரு துண்டாக ஒளிப்பலகையில் விரித்துப் பார்த்து ஆணிகளில் தொங்கவிட்டோம். யாரோ ஒரு சித்தப்பா பந்தி நடுவே கொட்டாவி விடும் துண்டைப் பார்த்து முடிதிருத்துநர் சொக்கிப்போனார்.

"அம்மா, இதையும் உள்ள சேர்த்துடலாமே. இப்படி ஒரு நடிப்பு நமக்கு வராது."

"வையுங்க கீழே. அது வேற வாடிக்கையாளரோட கொட்டாவி."

எந்தத் துண்டு எங்கே செல்லவேண்டும் என்பதற்கு வழி பிழையம்மாவின் அறிக்கையிலேயே இருந்தது. அறுபத்தொரு பிழைகளுக்கும் அடி எண் எழுதியிருந்தாரே! அவர் வாசிக்க, எழுத்தர் துண்டைத் தேடி எடுத்தார்.

"முப்பத்தேழாவது அடி. பேரரசியின் இடக்காதில் அணிந்திருப்பது மின்விளக்குத் தாங்கி எனத் தெரிகிறது. காரணம்: அது மின்விளக்குத் தாங்கியாகவே இருத்தல்."

எழுத்தர் உதட்டைக் கடித்தார்.

"நூற்று நான்காவது அடி. தூண் தும்முகிறது. காரணம்: தூணுக்குள் ஆள்."

முடிதிருத்துநர் சுவரில் சாய்ந்து குலுங்கினார். எழுத்தருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிழையம்மா தாளை மேசையில் வைத்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது.

"என்னைக் கிண்டல் பண்றீங்களா? படத்தைக் கெடுத்தேன், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா?"

"ஐயோ, இல்லம்மா!" எழுத்தர் பதறிப்போய் எழுந்தார். "என்னை இவ்வளவு உத்துப் பார்த்து யாரும் எழுதினதில்ல. என் பொண்டாட்டிகூட நான் மீசையை எடுத்தா ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிப்பா. நீங்க என் காதுல தொங்கினதுக்குக் காரணமே எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு மிச்சத்தைப் படிங்க."

பிழையம்மா தாளை எடுத்துத் தொடர்ந்து படித்தார். அன்று மாலைக்குள் ஐம்பத்தைந்து துண்டுகள் தம் இடத்தில் ஏறின.

ஐம்பத்தாறாவதில் வேலை நின்றது.

பேரரசி ஏழு முறை இறக்கிறார். அவற்றுள் பிழையற்ற ஒன்றை விட்டுவிட்டு ஆறைப் பிழையம்மா வெட்டியிருந்தார். முதல் துண்டுக்கு எதிரே, "510 அடி முதல். இறந்தவர் அசைகிறார்" என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஐந்து வரிகளிலும் ஒரே சொல்: மேற்படி, மேற்படி, மேற்படி, மேற்படி, மேற்படி. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வாழ்நாளில் ஒரே முறை, அவர் கை சலித்து எழுதிய சொல். எந்தச் சாவு முந்தியது, எது பிந்தியது என்பதற்கு இப்போது சான்று இல்லை. பிலிமின் விளிம்பிலுள்ள எண்கள் படமெடுத்த வரிசையைச் சொல்லும். ஒட்டிய வரிசையைச் சொல்லா.

"நீங்க எந்த வரிசையில ஒட்டினீங்க?" என்று கேட்டார்.

முடிதிருத்துநர் காதின் மேலிருந்த சீப்பை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "கைக்கு வந்தபடி ஒட்டினேன்மா. ஆனா வீட்டுல போட்டுப் பார்த்தப்போ விழுந்து விழுந்து சிரிச்சோம். இவர் கட்டில்ல இருந்து கீழயே விழுந்தார்."

"குப்புறவா மல்லாக்கவா?" என்றேன் நான், இருவரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

ஏழு துண்டுகளை வைக்கக்கூடிய வரிசைகள் ஐயாயிரத்து நாற்பது என்று பிழையம்மா தாளில் பெருக்கிக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை நிமிடம். அவ்வளவு வியாழக்கிழமைகள் எவரிடமும் இல்லை. முடிதிருத்துநர் ஒரு வரிசை சொன்னார். எழுத்தர் வேறொன்று சொன்னார். இரண்டையும் ஒட்டிப் பார்த்தார்கள். இருவரும் அவரவர் வரிசைக்கு மரியாதையாகப் புன்னகைத்தார்கள். கட்டிலிலிருந்து விழும் சிரிப்பு வரவில்லை.

"போதும்மா" என்றார் எழுத்தர் கடைசியில். "சாகற இடத்தை விட்டுடுங்க. மிச்சம் இருக்கே, அதுவே பெரிய விஷயம்."

"படத்துக்கு முடிவு வேணாமா?"

"வேணும்தான். வரணுமே."

வெள்ளிக்கிழமை முழுவதும் பிழையம்மா தனியே அமர்ந்து முயன்றார். ஆறு பிழைச் சாவுகள் எவை எனக் குறித்துக்கொண்டார்: விழுந்தபின் திரைச்சேலையை இழுத்துக் கணுக்காலை மூடுவது, தலையணை இல்லை என்று எழுந்துபோய் எடுத்துவந்து சாவது, உருண்ட கிரீடத்தைக் கை நீட்டிப் பிடிப்பது, தும்மல், காதில் சொட்டு மருந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டிச் செத்துவிட்டுச் சுற்றிப் படுப்பது. ஏழாவது, பிழையற்றது: விழுகிறார், கிடக்கிறார், அவ்வளவே. பதினொரு அடி, திரையில் பதினெட்டு வினாடி. தவறித் தவறி இறுதியில் ஒருவர் சரியாகச் செய்வதே முறை என்பதால் அதை எப்போதும் கடைசியில் வைத்தார். டப்பா கொண்டுவந்த கணவரை உட்காரவைத்துக் காட்டினார். அவர் எல்லா வரிசைக்கும் சிரித்தார். ஒட்டுப்பலகையைப் பார்த்தும் சிரித்தார்.

"நீங்க கிளம்புங்க" என்றார் பிழையம்மா. "உங்களை வெச்சு எதையும் அளக்க முடியாது."

சனிக்கிழமை காலை பத்தரை மணி. எங்கள் மேலாளர் உயரமானவர். பரிசோதனை அறையின் நிலைவாசலுக்குச் சற்று உள்ளே தாழ்வாக ஒரு நீராவிக் குழாய் போகும். அவர் ஒவ்வொரு நாளும் அதில் இடித்துக்கொள்வார், ஒவ்வொரு நாளும், "இதை எவன் இங்க வெச்சான்?" என்பார். அவர் காலடி ஓசை கேட்டாலே உள்ளே இருப்பவர்கள் காகிதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காத்திருப்போம். அன்று நான் ஒரு கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன். காலடி கேட்டது. காத்திருந்தோம். மேலாளர் வாசலில் நின்றார், குழாயைப் பார்த்தார், அழகாகக் குனிந்து, நிமிர்ந்து, உள்ளே வந்துவிட்டார்.

யாரும் மூச்சுவிடவில்லை. அவர் ஒரு கோப்பினை எடுத்துப் புரட்டினார். அந்த அமைதி நீண்டது. பிறகு ஒரு விநோதமான ஓசை கேட்டது. தண்ணீர்க் குழாயில் காற்று ஏறினாற்போல. பிழையம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கையுறை அணிந்த கையால் வாயை மூடியும் நிற்கவில்லை.

"என்ன சிரிப்பு இங்க?" என்று மேலாளர் வெடுக்கென்று திரும்பினார். இடித்துக்கொண்டார். "இதை எவன் இங்க வெச்சான்?"

நான் கீழே ஓடிப்போய் லிஃப்ட்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சார், கிண்டல் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார்.

திரும்பி மேலே வந்தபோது பிழையம்மா ஏழாவது சாவைக் கடைசியிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். அதை ஐந்தாவதாக வைத்தார். நான்கு முறை தவறிச் செத்தவர் ஐந்தாம் முறை குறையில்லாமல் சாவார், பார்ப்பவர் பதினெட்டு வினாடி பிழைக்காகக் காத்திருப்பார், அது வராது. பின்னர், தலையணைச் சாவு. கடைசியில், கேமராவுக்கு முதுகு காட்டிய சாவு. இவ்வளவையும் அவர் என்னிடம் ஒரு தேற்றத்தை நிறுவுவதைப்போலச் சொன்னார்.

"சிரிப்பு வருமாம்மா?" என்றேன்.

"எனக்கு வந்துச்சு. என் ஒருத்தியோட சிரிப்பை நம்பிப் படத்தைக் கொடுக்கலாமான்னுதான் தெரியல. எனக்கு இதுல அனுபவம் காணாது."

பிரதி எடுக்க நேரமில்லை. நூற்றுப் பதினெட்டு ஒட்டுகள் கொண்ட மூலச் சுருளையே ஓட்டவேண்டும். ஓர் ஒட்டு விட்டுப்போனாலும் இயந்திரப் பற்கள் அதை மென்றுவிடும். ஆகவே ஞாயிறன்று பிழையம்மாவே இயந்திரத்தின் அருகில் இருப்பதென்று முடிவாயிற்று. அவர் கணவரும் நானும் உடன் சென்றோம்.

அக்டோபர் 14, மாலை நான்கு மணி. சலூன் மாடி. சன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தது. முடிவெட்டும் சுழல்நாற்காலிகள் முன்வரிசை. பின்னால் பெஞ்சுகள், பாய். முப்பத்துநான்கு பேர். எழுத்தர் கடைசி வரிசையின் மூலையில், குடையை மார்போடு அணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவருடைய அலுவலகத்திலிருந்து ஒரே ஒருவர் வந்திருந்தார். அவரை அழைத்தது தவறோ என்று எழுத்தர் என்னிடம் மூன்று முறை கேட்டார்.

படம் ஓடியது. பிழையம்மா திரையைப் பார்க்கவில்லை. ஓடும் பிலிமின்மேல் விரலை மெல்ல வைத்து ஒட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிலவைக் கை திருப்பியபோது அறை வெடித்தது. அவர், "ஒன்பது" என்றார். தூண் தும்மியபோது ஒருவர் சுழல்நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். "முப்பத்தொண்ணு."

சாவுகள் தொடங்கின. முதலாவதுக்குச் சிரிப்பு. இரண்டாவதுக்கு அதைவிட. மூன்றாவதும் நான்காவதும் ஓடியபோது மக்கள் முன்கூட்டியே சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது வந்தது. பேரரசி விழுந்தார். கிடந்தார்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

பிழையம்மா எண்ணுவதை விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தார். நான்கு வினாடி. ஏழு வினாடி. யாரோ பெஞ்சில் நெளிந்தார்கள். முடிதிருத்துநர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கேள்வி. பத்து வினாடி. பேரரசி அசையவேயில்லை. பிழையம்மாவின் கையுறை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அது எனக்கு வலித்ததை வீட்டுக்குப் போனபின்தான் உணர்ந்தேன்.

பதின்மூன்றாம் வினாடியில் பாயிலிருந்து ஒரு பெண் குரல்: "அய்யய்யோ, நிஜமாவே செத்துட்டாங்க போலருக்கே!"

பின்பு எழுந்த ஓசையை நான் எந்தத் திரையரங்கிலும் கேட்டதில்லை. அது தணியாமலே பேரரசி எழுந்து தலையணை தேடப் போனார். எழுத்தரின் அலுவலகத் தோழர் பெஞ்சிலிருந்து சரிந்து பாய்மேல் அமர்ந்தவர் திரும்ப ஏறவில்லை. பேரரசி முதுகு காட்டிச் செத்துச் சுற்றிப் படுத்தபோது பார்வையாளர் எழுந்து நின்றார்கள். பிலிமின் வால் சுழற்சக்கரத்தில் படபடவென்று அடித்தது. நூற்றுப் பதினெட்டு ஒட்டும் தாங்கின.

விளக்கு எரிந்ததும் முடிதிருத்துநர் நேரே இயந்திரத்திடம் வந்தார்.

"இது நான் ஒட்டின வரிசை இல்லம்மா. நல்ல சாவு எங்கிட்ட ரெண்டாவதா இருந்துச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது."

பிழையம்மாவின் முகம் மாறிற்று. "இன்னிக்கே மாத்திடறேன். பலகை கொண்டாந்திருக்கேன்."

"தொட்டீங்கன்னா கையில கத்திரி இருக்கு, பார்த்துக்குங்க. அது அங்கயே சாகட்டும்."

அலுவலகத் தோழர் எழுத்தரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்னய்யா, ஆபீஸ்ல இருபது வருஷமா செத்த பொணம் மாதிரி உக்காந்திருப்பே. இப்பத்தானே தெரியுது, ஒத்திகைன்னு!" எழுத்தர் குடையை எங்கோ வைத்துவிட்டார், போகும்போது அவர் நடையில் பேரரசி கொஞ்சம் மிச்சமிருந்தார். அதை அவர் மறைக்கவில்லை. லிஃப்ட்காரர் என் அருகில் வந்து, "சார், நீங்க ஃபோன்ல சொன்னது நிஜம்தானா?" என்று கேட்டார். அவருடைய மனைவியைக் காட்டினேன். பிழையம்மா சிரிக்கவில்லை, பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆனால் மீண்டும் மீண்டும் உதட்டை மடக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் பிரதி எடுக்கப்பட்டது. பெயர்ப் பட்டியலில் ஓர் அட்டை கூடியிருந்தது: "பிழைகள்: பிழையம்மா." மேலாளர் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார், நான்தான் தட்டெழுதினேன். அதன்பின் கேட்காமல் எதையும் வெட்டுவதில்லை என்று பிழையம்மா வழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், "இது தப்பா, வேணும்னே பண்ணதா?" என்று கேட்டார். திருமண வீட்டார் சிலருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

சலூன்காரர் குழு பிறகு ஒன்பது படங்கள் எடுத்தது. ஒவ்வொன்றும் பிழையம்மாவின் மேசைக்கு வந்தே போயிற்று. 2004இல் அவர் ஓய்வு பெற்றபின் சுருள்கள் அவர் வீட்டுச் சமையல் மேசைக்கு வந்தன. "இந்தத் தப்பு போதல, பார்த்தா தவறுதலா நடந்த மாதிரி இருக்கு" என்பது அவருடைய கடுமையான தீர்ப்பு. அவ்வாறு சொன்னால் அந்தக் காட்சியை மறுபடியும் எடுப்பார்கள்.

எழுபத்துமூன்றாம் வயதில் அவரையே நடிக்க அழைத்தார்கள். பேரரசியின் மாமியார் வேடம். தவறான கதவு வழியாக உள்ளே வந்து, அரண்மனை இதுவா என்று திகைக்கவேண்டும். சலூன் மாடியில் இரண்டு கதவுகள். பிழையம்மா ஐந்து முறையும் சரியான கதவு வழியாகவே வந்தார்.

"கால் தானா அங்க போகுதுங்க" என்றார்.

"விடுங்கம்மா. வேற ஆளை வெச்சுக்கறோம்" என்று முடிதிருத்துநர் சீண்டினார்.

"ஏன், எனக்குத் தப்பு பண்ண வராதுங்கறீங்களா? ஓட்டுங்க கேமராவை."

ஆறாம் முறை தவறான கதவு திறந்தது. அவர் வந்து நின்றார், லென்சை நேராகப் பார்த்தார், "மன்னிக்கணும்" என்றார், சிரித்துவிட்டார். அது எழுதப்படாத வசனம். அப்படியே வைத்துக்கொண்டார்கள். அன்று 2019 மார்ச் 9, சனிக்கிழமை.